கற்றாழைக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்குப் பத்தொன்பது வயதில் நிக்காஹ் முடிந்தது. அவருக்கு நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி விஷக் காய்ச்சலில் மவுத்தாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. சமயநல்லூரில் எங்கள் வீட்டில் எனக்குக் கீழே மூன்று தங்கைகள் இருந்ததால் யாரும் என்னிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

மதுரையில் பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் சந்தில் அவருடைய வீடு. முன்பக்கம் பட்டறை. தகரத்தில் பெட்டி செய்வதுதான் அவர் தொழில். கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற பெட்டி, ரங்கூன் போகிறவர்கள் துணிமணி வைக்கிற பெட்டி. பச்சை வர்ணம் அடித்து, மூடியில் தானே ஒரு ரோஜாப்பூ எழுதுவார். பின்பக்கம் சின்ன முற்றம், அதை ஒட்டி அடுப்படி.

நான் வந்த மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரோரம் ஒரு தகரப் பெட்டி. மூடி இல்லை. பச்சை வர்ணம், பக்கத்துக்கு ஒரு ரோஜா. உள்ளே மண்ணை நிரப்பி ஒரு சோற்றுக் கற்றாழை வைத்திருந்தது. கைத்தடிமன் மடல்கள் பத்துப் பன்னிரண்டு, அடியில் இரண்டு குட்டிகள்.

"இது அம்மா வச்சது" என்றாள். "பெட்டி அத்தா செஞ்சு கொடுத்தாங்க. தண்ணி நான்தான் ஊத்துவேன்."

"சரி" என்றேன்.

"பத்து நாளைக்கு ஒரு தரம் ஒரு டம்ளர். நடுவுல ஊத்தக் கூடாது, ஓரத்துலதான் ஊத்தணும். விரலை விட்டுப் பாத்து உள்ள ஈரம் இருந்தா அன்னிக்கு ஊத்தக் கூடாது. பத்து மணி வெயில் வந்தா நிழலுக்குத் தள்ளணும். அம்மா சொல்லியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ரயில் பாதை ஓரமெல்லாம் கற்றாழைதான். ஆடுகூட அதைத் திரும்பிப் பார்க்காது. அதற்கு இவ்வளவு சட்டமா என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதெல்லாம் சரிதான். பெட்டிக்குள் அடியில் ஓட்டுச் சில்லு பரப்பி, வைகை மணலும் செம்மண்ணும் பாதிப் பாதி கலந்து போட்டிருந்தாள் அந்த மகராசி. பெட்டியின் அடியில் ஆணியால் ஓட்டை போடச் சொல்லியிருந்தாள். செடி வளர்க்கத் தெரிந்தவள். வெள்ளிக்கிழமைதோறும் அவள் மகள் ஒரு ஈரத்துணியை எடுத்து, பட்டறைத் தூசி படிந்த மடல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். முள் கையில் படாமல் அடியிலிருந்து நுனிக்குத் துடைக்க வேண்டும் என்பதும் அம்மா சொன்னதுதான்.

அவர் என்னை அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் மத்தியானம் பட்டறையிலிருந்து சாப்பிட உள்ளே வருகிறவர், கை கழுவுவதற்கு முன்னால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். மண்ணில் ஒரு விரலை வைத்துப் பார்ப்பார். பிறகுதான் அடுப்படிப் பக்கம் திரும்புவார். தினமும் அப்படித்தான். சோறு வெந்திருக்கிறதா, குழம்பில் உப்பு இருக்கிறதா, நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. செடியைப் பற்றி மட்டும், "நேத்து மழைச் சாரல் அடிச்சுச்சே, உள்ள தள்ளி வச்சியா" என்று கேட்பார்.

நான் தள்ளி வைத்திருப்பேன். முதல் நாலு மாதம் ஒழுங்காகவே இருந்தேன்.

பிள்ளைக்குத் தலை வாரிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. தங்கைகளுக்கு வாரிப் பழகிய கை. ஊரிலிருந்து என் அம்மா காய்ச்சிக் கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எண்ணெயைக் கையில் ஊற்றியதும் தலையை இழுத்துக்கொண்டாள்.

"எண்ணெய் வேணாம் சின்னம்மா. அம்மா கத்தாழைச் சோறுதான் தேய்ப்பாங்க."

"இன்னிக்கு ஒரு நாள் எண்ணெய் வச்சுக்கோ."

"வேணாம். இது நாறுது."

குழந்தை சொன்ன வார்த்தை. அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "அது இஷ்டப்படி விடு. அவ கத்தாழைதான் போட்டுப் பழக்கிருக்கா" என்றார். உள்ளங்கையில் ஊற்றின எண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் என் தலையிலேயே தேய்த்துக்கொண்டேன்.

மறுநாள் பிள்ளை ஓதப் போன பிறகு ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துப்போய் அந்தச் செடியின் நடுவில் ஊற்றினேன்.

கோபத்தில் ஒரு தரம் செய்ததென்றால் இதை எழுத வேண்டியதில்லை. மறுநாளும் ஊற்றினேன். அதற்கு மறுநாளும் ஊற்றினேன். தினமும் அவள் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற ஒரு பெண்மணி வீட்டுக்குப் போனதும், அவர் பட்டறையில் தட்ட ஆரம்பித்த பிறகு, ஒரு செம்பு. ஓட்டை வழியாகத் தண்ணீர் தரையில் வடியும். அதைக் கரித்துணியால் துடைத்துவிடுவேன். மேல்மண் ஈரமாகத் தெரியக் கூடாதென்று அடுப்புப் பக்கத்தில் உலர்ந்த மணல் கொஞ்சம் வைத்திருந்தேன். நனைந்த மேல்மணலை வழித்துவிட்டு அதை ஒரு விரல் கனத்துக்கு மேலே தூவிவிடுவேன். விரலை மேலாக வைத்துப் பார்க்கிறவருக்கும், பிள்ளையின் சின்ன விரலுக்கும் காய்ந்த மண்தான் தட்டும். இவ்வளவும் யோசித்துத்தான் செய்தேன். அந்த வயதில் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. கற்றாழை தண்ணீர் இல்லாமல் ஆறு மாதம் கிடக்கும், தண்ணீர் தேங்கினால் ஒரு மாதத்தில் அழுகும் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் எதிர்வீட்டு மாமி உப்பு வாங்க வந்தவள், செம்பும் கையுமாக நான் முற்றத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டாள். மாமி செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூத்தவ வச்ச செடியக்கூட இம்புட்டுக் கருத்தாப் பாத்துக்கிடுறியே, அல்லா உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது பரவிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் எனக்கு இடம் விட்டார்கள். சின்னம்மா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று யாரோ என் காதுபடவே சொன்னார்கள். நான் குனிந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடக்கம் என்று அதற்கும் பேர் வைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் மடல்கள் நிறம் மாறின. பச்சை போய்க் கண்ணாடி மாதிரி மஞ்சளாகத் தெரிந்தது. நிமிர்ந்து நின்றவை தளர்ந்து வெளியே சாய்ந்தன. பிள்ளைதான் முதலில் கவனித்தாள்.

"சின்னம்மா, இது வாடுது. தண்ணி பத்தலயோ?"

அந்த நேரத்தில்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிடுங்கி எடுத்து, அழுகின வேரை அறுத்துப்போட்டு, நாலு நாள் நிழலில் காயவைத்துப் புது மண்ணில் வைத்தால் பெரிய செடி போனாலும் குட்டி இரண்டும் பிழைத்திருக்கும். நான் சொன்னது இதுதான்: "எனக்கென்னம்மா தெரியும். நீதானே பாக்குற."

அவள் ஒரு டம்ளர் ஊற்றினாள். வாட்டம் போகவில்லை என்று இரண்டு நாள் கழித்து இன்னொரு டம்ளர் ஊற்றினாள். பத்து நாள் சட்டத்தை அவள் மீறினது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஈரத்துணியோடு போய் முதல் மடலைத் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கொழகொழவென்று நாற்றம் அடித்தது. அவள் அலறவில்லை. அந்த மடலைத் திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தி வைக்கப் பார்த்தாள். அது நிற்கவில்லை. அப்போது அவர் சாப்பிட உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். செடியைப் பிடித்து லேசாக இழுத்தார், மொத்தமும் வந்துவிட்டது. பெட்டிக்கு உள்ளே சேறாக இருந்தது.

"தண்ணி ஊத்துனியா?" என்று மகளைக் கேட்டார்.

"வாடுச்சுன்னு..."

"உங்கம்மா விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். அதையும் நீ வச்சுக் காப்பாத்தல."

அதட்டிச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பட்டறைக்குத் திரும்பிப் போனார். நான் அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"சின்னம்மா, நான் ரெண்டு தரம் ஊத்துனேன். ஒரு தரம்னுதான் அத்தா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு அழுதாள். அந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதத்தில் அவளாக என்னைத் தொட்டது அன்றுதான். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத என் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. மறுநாள் காலையில் அவளே சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என் பிள்ளையாகிவிட்டாள். எங்கே போனாலும் என் பின்னால் வருவாள். அத்தா என்ன கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். தன் குற்றத்தை மறைத்துக் காப்பாற்றியவள் நான் என்ற நன்றி அவளுக்கு. அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். வருஷக் கணக்கில் வாங்கிக்கொண்டேன்.

ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது ரயில் பாதையோரம் ஒரு நல்ல கற்றாழையைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். அந்தப் பச்சைப் பெட்டி காலியாகவே கிடந்தது. நட்டு வைப்போமா என்று கேட்டேன்.

"வேணாம் சின்னம்மா" என்றாள். "எனக்குச் செடி வளக்கத் தெரியாது."

கொண்டுவந்த செடியை எதிர்வீட்டு மாமிக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் அவள் இடுப்பிலேயே வளர்ந்தான். ஆனால் அவனுக்குப் பாலூட்ட உட்கார்ந்தால் சங்கை என்னிடம் காட்டி, "இம்புட்டுப் போதுமா? அதிகமாயிருமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். குளிப்பாட்டும்போது தண்ணீர்ச் சூட்டை நான் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் ஊற்றுவாள். கவனமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

பதினேழு வயதில் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. ஆற்றுக்கு வடகரையில் மாப்பிள்ளை வீடு. அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தகரம் கிடைக்கவில்லை. அவர் மண்ணெண்ணெய் டின்களை வெட்டி நிமிர்த்தித்தான் மகளுக்குச் சீர்ப்பெட்டி செய்தார்.

அவள் மாமியார் நல்ல மனுஷி. ஒரு நாள் நான் பார்க்கப் போயிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க மக எல்லா வேலையும் செய்யுது. கொல்லையில இருக்க மருதாணிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா மட்டும் செய்ய மாட்டேங்குது. நான் ஊத்துனா பட்டுப்போயிரும்ங்குது."

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

முதல் பிள்ளை உண்டாகி ஏழாம் மாதம் வளையல் போட்டு அவளைப் பத்து நாள் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். ஒரு முற்பகல் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

"சின்னம்மா, எனக்கு ஒரு பயம் இருக்கு" என்றாள்.

"பெத்துப் பொழைக்காதவ யாரு? எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"பெக்குறதுக்கு இல்ல. வளக்குறதுக்கு. ஒரு கத்தாழையக் காப்பாத்தத் தெரியாதவ நான். என்கிட்டப் பிள்ளையக் கொடுத்தா என்னாகும்?"

"பைத்தியம் மாதிரிப் பேசாத" என்று சொல்லி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். அன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஐந்து நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டேன். ஆறாம் நாள் காலையில் அவள் மறுபடியும் சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எதிரில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அந்தச் செடியைக் கொன்றது நீ இல்லை, நான்தான் என்று சொன்னது நினைவிருக்கிறது.

அவள் கை அரிசியில் அப்படியே நின்றது.

"எம்புட்டு நாள் ஊத்துனீங்க?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"தினமுமா?"

"தினமும். நீ ஓதப் போன பிறகு."

"அப்ப நான் ஊத்துனதுல அது சாகல."

"இல்லம்மா. நீ ஊத்துறப்பவே வேரு போயிருந்துச்சு."

முன்பக்கப் பட்டறையில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு உங்க மடியிலதான் படுத்து அழுதேன்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்பாள், அவளுடைய அத்தா என்னை ஏறெடுத்துப் பார்க்காததையெல்லாம் சொல்லலாம் என்று மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சுளகைத் தரையில் வைத்தாள். சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தாள்.

"அத்தாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றாள்.

அன்று சாயங்காலமே ஜட்கா வைத்து மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் சில நாள் இருக்க வேண்டியவள். ஏன் இப்படி அவசரமாகப் போகிறாள் என்று அவர் கேட்டார். நான் விளக்கைத் துடைக்கப் போய்விட்டேன். மறுநாள் பகல் பட்டறைக்குள் போனேன். வேலை நேரத்தில் நான் அங்கே போகிற வழக்கம் இல்லை. அவர் டின் தகடு ஒன்றை மரச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உலர்ந்த மணல் தூவியது வரைக்கும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் புள்ளைய நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

"தெரியும். நானும் அங்கதான் நின்னேன்."

"நின்னியா" என்றார்.

அவ்வளவுதான். சுத்தியலை வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டறைக் கதவைக்கூடச் சாத்தாமல் நடந்தார். ஆற்றைக் கடந்து மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது அவர் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். காலெல்லாம் ஆற்று மணல். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் போட்ட சோற்றை உண்டார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் மகனிடம் சொல்வார். இருபது நாளுக்கு மேல் அப்படிப் போனது. அவர் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முதல் பிரசவம் தாய் வீட்டில். அதுதான் வழக்கம். ஆனால் அவள் வருவாளா என்று யாரிடம் கேட்பது? ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவராகவே பேசினார்.

"புள்ள இங்கதான் வாரேன்னு சொல்லிருக்கு. அடுப்படிப் பக்கத்து அறைக்கு வெள்ளை அடிக்கணும்."

சுண்ணாம்பை நானே குழைத்து நானே அடித்தேன். நாலு சுவரும் இரண்டு தரம் அடித்தேன்.

அவள் வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி போன பிறகு குழந்தையை யார் குளிப்பாட்டுவது என்ற பேச்சு வந்தபோது, நான் கையை நீட்டாமல் தள்ளியே நின்றேன். அவள் பன்னிரண்டாம் நாளே காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொண்டு, வெந்நீரைத் தன் புறங்கையில் ஊற்றிப் பார்த்துத் தானே குளிப்பாட்டினாள். போதுமா, அதிகமா என்று யாரையும் கேட்கவில்லை. நான் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் கையை நீட்டினாள், நான் கொடுத்தேன்.

நாற்பது நாள் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டேன். போட்டதைச் சாப்பிட்டாள். காரம் கூடினால் கூடியது என்றாள். குழந்தை தூங்கும்போது பக்கத்துத் தெருக் கதையெல்லாம் பேசினாள். அந்தச் செடியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கவனித்தேன். பேச்சு எப்போதும் "இங்க பாருங்க" என்றோ, "வந்து" என்றோ ஆரம்பிக்கும். சின்னம்மா என்று கூப்பிடவில்லை.

அவளை அழைத்துப் போக மாப்பிள்ளை ஜட்காவோடு வந்தார். தெருப் பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள். அத்தாவிடம் "வாரேன் அத்தா" என்று சொன்னாள். தம்பியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குழந்தை அவள் தோளில் இருந்தது.

"வாரேன்" என்றாள்.

"வாம்மா" என்றேன்.

இப்போதும் பெருநாளுக்குப் பெருநாள் வருகிறாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் நன்றாக வளர்கின்றன. எனக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது பத்து நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் மன்னித்தேன் என்றுதான் சொல்வாள். அப்படி ஒரு பிள்ளை அவள். அதனால்தான் கேட்கவில்லை.